பெண்கள் கிறிஸ்துமஸும் டோனலின் பந்தயமும்

உருளைக்கிழங்குப் பானையில் தண்ணீரே ஊற்றவில்லை என்பதை டோனல் கண்டுபிடித்தபோது, கிழங்கு கரியாகிப் பானையோடு ஐக்கியமாகியிருந்தது.

"அப்பா, தண்ணி ஊத்தணும்ல?" என்றான் எட்டு வயது கோர்மக்.

"எல்லாம் ஒரு கணக்கோடதான்டா பண்றேன்."

அன்று ஜனவரி ஆறு. பெண்கள் கிறிஸ்துமஸ். அயர்லாந்தின் பேன்ட்ரி ஊரில் அன்றைக்கு எந்தப் பெண்ணும் அடுப்பைத் தொடமாட்டாள். வீட்டை ஆண்கள் தலையில் கட்டிவிட்டு, கூட்டமாக ஹோட்டலுக்குக் கிளம்பிவிடுவார்கள். டோனல் ஜவுளிக்கடைக்காரர். வேடிக்கை பார்க்க வந்தவரிடமும் இரண்டு கம்பளி விற்றுவிடும் வாய். அந்த வாய்தான் காலையில் மனைவி நோரீனிடம் வசமாக மாட்டிக்கொண்டது.

"எந்தப் பொம்பளை உதவியும் இல்லாம, சாயங்காலம் அஞ்சு மணிக்கு வீட்டைக் கண்ணாடி மாதிரி ஒப்படைக்கிறேன். தோத்துட்டா, வருஷம் பூரா ஞாயித்துக்கிழமை சமையல் என்னுது!"

நோரீன் உடனே கையை நீட்டினாள். பேரம் பேசாமல் ஒப்புக்கொள்கிற ஆளிடம் உஷாராக இருக்க வேண்டும் என்பதை, கடையில் இருபது வருடம் உட்கார்ந்தவர் மறந்துபோனார்.

இப்போது மணி இரண்டரை. டோனல் கோட்டுகள் தொங்கும் மூலைக்குள் நுழைந்து, அக்கா பிரீடாவுக்குப் போன் போட்டார். காய்ச்சல் என்று அவள் மட்டும் ஹோட்டலுக்குப் போகவில்லையாம்.

"அக்கா, பானை அடிப்பிடிச்சிருச்சு. நோரீனுக்குத் தெரியக்கூடாது."

இருமல் கேட்டது. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "சமையல் சோடாவைத் தாராளமாக் கொட்டி, ஒரு பாட்டில் வினிகரை ஊத்துடா."

ஊற்றினார். பானை எரிமலையானது. நுரை அடுப்பைத் தாண்டித் தரையில் ஓடியது. கோர்மக் கைதட்டினான். ஆறு வயது ஈஃபா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அம்மாகிட்ட சொல்லாம இருக்க எத்தனை சாக்லேட்?"

"ரெண்டு."

"ஆறு."

"அநியாயம்டி! மூணு."

"ஏழு."

பேரத்தில் விலை ஏறுவதை டோனல் வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தார். ஏழுக்கே முடித்துக்கொண்டு மறுபடி கோட்டுகளுக்குள் புகுந்தார்.

"அக்கா, தரையெல்லாம் வழுக்குது!"

"மாவைத் தூவுடா, உறிஞ்சிடும்."

மூன்று கிலோ மாவு இறங்கியது. சமையலறைத் தரை ஒரே பெரிய ரொட்டிக்குப் பிசைந்து வைத்தது போலாயிற்று. கோர்மக்கின் காலுறை இரண்டும் அதில் ஒட்டிக்கொண்டு நின்றன. கோர்மக் மட்டும் வெளியே வந்தான்.

"அக்கா, இது பசையாயிருச்சு! மணி நாலு!"

இந்தத் தடவை மௌனம் நீளமாக இருந்தது.

"நாயை அவுத்து விடுடா. நக்கியே சுத்தம் பண்ணிடும்."

நாய் மாவை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மேசையில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த கோழியைக் கவ்விக்கொண்டு, மாவுக் காலோடு சோபாவில் ஏறி, அன்று கழற்ற வேண்டிய கிறிஸ்துமஸ் மரத்துக்குள் பாய்ந்தது. மரம் சாய்ந்தது. அதிலிருந்த கண்ணாடிப் பந்துகளில் ஒன்றுகூட மிச்சமில்லை.

"மரத்தை இறக்கற வேலை முடிஞ்சுதுப்பா," என்றாள் ஈஃபா.

வாசல் மணி அடித்தது. டோனல் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினார். கதவைத் திறந்தால், ஹோட்டலில் பரிமாறுபவர் மர்ட்டி. கையில் பெரிய சாக்லேட் கேக்.

"பொம்பளைங்க கொடுத்தனுப்பினாங்க, டோனல் அண்ணே. இவ்வளவு சிரிச்ச வருஷமே கிடையாதாம்."

"எ... எதுக்குச் சிரிச்சாங்க?"

மர்ட்டி உள்ளே எட்டிப் பார்த்தார். தரை, மரம், நாய் வாயில் கோழிக்கால். தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

"பிரீடா அக்கா போனை ஸ்பீக்கர்ல போட்டு ஹோட்டல் மேசை நடுவுல வச்சிருந்தாங்கண்ணே. சோடாவும் மாவும் நாப்பது பேரும் கைதூக்கி முடிவு பண்ணினது. நாய் மட்டும் உங்க வீட்டம்மாவோட சொந்த யோசனை."