செங்காவிப் பட்டையும் சீதாலெட்சுமியின் சம்பந்தமும்

பிரிக்பீல்ட்ஸ்,
12-3-1936

சிரஞ்சீவி மைத்துனன் கன்னையாவுக்கு அத்தான் தம்புசாமி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. கிள்ளானில் நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்கப் பகவான் துணை செய்வாராக. இவ்விடம் நாங்கள் சுகமில்லை. காரணம் நீதான்.

உன் பெயிண்டுக் கடைக்கு வந்த சீமைப் புத்தகத்தைக் காட்டி, "இதுதான் அத்தான் இப்ப நாகரிகம்! குட்டை வீட்டுக்கு மேலேருந்து கீழ பட்டை பட்டையா அடிச்சா உயரமாத் தெரியும். செங்காவி ஒண்ணு, வெள்ளை ஒண்ணு" என்று சொன்னவன் நீ. சீதாலெட்சுமியைப் பெண் பார்க்க வருகிறார்களே, நம் பலகை வீடும் கொஞ்சம் எடுப்பாக இருக்கட்டும் என்று நானும் மயங்கினேன். வீடு உயர்ந்துதான் விட்டது. ஒரேயடியாகக் கோயிலாக உயர்ந்துவிட்டது.

பெயிண்டு காய்வதற்குள் ரயில்வே கூலியாட்கள் வாசலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மறுநாள் படியில் யாரோ சூடம் கொளுத்தியிருந்தார்கள். நான் குளித்துவிட்டுச் சட்டையில்லாமல் வெளியே வந்தால், ஒரு அம்மாள் "திருநீறு குடுங்க சாமி" என்று கையை நீட்டுகிறாள். விளக்கம் சொல்ல நேரமேது? ஆபீசுக்கு நேரமாகிவிட்டதென்று எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை செந்தூலிலிருந்து மாப்பிள்ளைப் பையன் நாகையாவும் அவன் தாயார் பவுனம்மாளும் வந்து இறங்கினார்கள். அந்த அம்மாள் வாசலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, "முதல்ல சாமியக் கும்பிட்டுட்டு அப்புறம் பொண்ணு வீட்டத் தேடுவோம்" என்று பிரதட்சணம் கிளம்பிவிட்டாள். நான் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினேன். கொல்லைப்புறத்தில் உன் அக்கா புஷ்பவல்லி, சம்பந்தி கண்ணில் படக்கூடாதென்று கொடியில் காய்ந்த கருவாட்டை முந்தானையில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"அடப் பாவிகளா! கோயில்ல கருவாடா?"

"அம்மா, இது வீடுங்க. நான்தான் பொண்ணோட அப்பா."

"சாமியோட வெளையாடுற வீட்டுல சம்பந்தமா? நாகையா, செருப்ப மாட்டுடா!"

சீதாலெட்சுமி காபித் தட்டோடு நிலைப்படியில் நின்றாள். ஒரு வாய் குடிக்க ஆளில்லை. அன்று முதல் குழந்தை சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதுமில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு தாங்கவில்லை. ஆகையால் கடிதம் கண்டவுடன் வெள்ளைப் பெயிண்டோடு ரயிலேறி வந்து, உன் கையாலேயே அத்தனை பட்டையையும் அழிக்க வேண்டியது. அந்தப் புத்தகத்தையும் கொண்டு வா, அடுப்பு எரிக்க ஆகும்.

தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். உனக்குத் தரவேண்டியதை நேரில் தருகிறேன்.

இப்படிக்கு,
தம்புசாமி

பி.கு.: உறையை ஒட்டுமுன் நாகையா தனியாக வந்தான், கையில் தேங்காய் பழத்தட்டு. "கோயிலுக்குப் போறேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு வந்தேன் மாமா" என்று படியில் தேங்காயை உடைத்துவிட்டுச் சீதாலெட்சுமியைப் பார்த்தான். அவள் சிரித்தேவிட்டாள். பவுனம்மாள் மனசு இளகும்வரை தினமும் சாமி கும்பிட வருவானாம். நீ வெள்ளை கொண்டுவர வேண்டாம். செங்காவிதான் வேண்டும், உடனே அனுப்பு. பட்டையடிக்காத கொல்லைப்புறம் இன்னும் வீடாகவே இருக்கிறது.