ஆறிப்போன பீட்சாவும் சம்பந்தி அம்மாளும்

ரங்கூன்,
சனிக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் குழந்தைவேலு அவர்களுக்கு விநாயகமூர்த்தி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே மின்சாரத்தைத் தவிர அனைவரும் நலம். திருச்சியில் உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் காளியம்மனை வேண்டுகிறேன்.

நீங்கள் பார்த்துத் தந்த வரன் பிரேம்நாத்தின் தாயார் நீலாம்பாள் அம்மாள் மகனோடு இங்கே வந்து பெண் பார்த்தார். திங்கட்கிழமை திருச்சிக்குத் திரும்புகிறார். அவர் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம். மகள் பவானி இதைப் படம் பிடித்து உங்கள் போனுக்கு அனுப்புவாள். அவளுக்குத் தமிழ் பேச வருமே தவிரப் படிக்க வராது என்ற தைரியத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

அம்மாள் சுத்த சைவம். ஙப்பி என்கிற நம் ஊர் மீன் விழுதின் வாடை வரும் தெருவில்கூட நிற்க மாட்டாராம். அதனால் பணக்காரனும் போகாத, ஏழையும் போகாத ஓர் இத்தாலி ஓட்டலில் பெண் பார்க்க வைத்தோம். பிள்ளையும் பெண்ணும் மேசையின் கடைசியில், பெரியவர்கள் இந்தப் பக்கம். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு ரொட்டி வந்தது, அதைக் கொண்டு ஆணி அடிக்கலாம். நூடுல்ஸ் பாதிதான் வெந்திருந்தது. கேட்டால் வெயிட்டர், “ஊலே, இத்தாலியில இப்படித்தான் சாப்பிடுவாங்க” என்று மாமா முறை வைத்து மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான், அங்கேயும் விறகுக்குப் பஞ்சம் போலிருக்கிறது என்று மென்று முழுங்கினேன், கடைசியில் பீட்சா ஆறிப்போய் வந்தது, அம்மாள் ஒரு துண்டை எடுத்துவிட்டார், நான் என் துண்டின் சீஸைக் கிளறினால் உள்ளே உப்பு மீன்! ஙப்பிக்குப் பயந்து ஓடி வந்தால் அதன் சித்தப்பா தட்டில் படுத்திருக்கிறார்.

அது அம்மாள் வாய்க்குப் போவதற்குள் தட்டை எடுக்கச் சொல்ல வேண்டும். கையைத் தூக்கினேன், இருமினேன், வெயிட்டர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பதற்றத்தில், நீங்களும் நானும் இளவயதில் இங்கே டீக்கடையில் செய்ததைச் செய்தேன். உதட்டைக் குவித்து ஒரு முத்தச் சத்தம். ரங்கூன் முழுக்க அப்படித்தானே ஆளைக் கூப்பிடுகிறது? அந்த நொடி பார்த்துக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் உறுமி விளக்கு வந்தபோது என் உதடு குவிந்தபடியே இருந்தது, நேர் எதிரே நீலாம்பாள் அம்மாள்.

“என்னங்க இது, பொண்ணு பாக்க வந்த எடத்துல?”

“வெயிட்டரைக் கூப்பிட்டேம்மா.”

“வெயிட்டரையா? ரெண்டு தடவ கேட்டுச்சே!”

அவர் கையிலிருந்த துண்டு தட்டில் விழுந்தது. அவருடைய சைவம் தப்பியது, என் மானம் தப்பவில்லை. காளியம்மன் சத்தியமாக நான் ஒரு தடவைதான் கூப்பிட்டேன். இரண்டாவது எதிரொலியாக இருக்கலாம், அந்தச் சாப்பாட்டுக்கு ஓட்டலில் வேறு யாரும் இல்லை.

உங்கள் தங்கை மூன்று நாளாக என்னோடு பேசுவதில்லை, சோற்றுத் தட்டு மட்டும் என் பக்கம் நகர்ந்து வருகிறது. பவானிக்கு முப்பது ஆகப்போகிறது. அவள் வேண்டாம் என்று சொல்லாத முதல் வரன் இது. என் உதட்டால் அது கெடுவதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. அம்மாளிடம் இது எங்கள் ஊர் வழக்கம் என்று எடுத்துச் சொல்லுங்கள். வேண்டுமானால் செய்தும் காட்டுங்கள், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. ஒரே ஒரு தடவைதான் என்பதை அழுத்திச் சொல்லவும்.

பெரியவர்களுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும்.

இப்படிக்கு,
வாயை மூடிக்கொண்டிருக்கும்
விநாயகமூர்த்தி

பி.கு.: படம் பிடிக்கக் கொடுத்தால் பவானி வரிவரியாகப் படிக்கிறாள்! எதிரொலி வந்த இடத்தில் முகம் சிவந்து, “அப்பா, அந்த ரெண்டாவது சத்தம் எதிரொலி இல்லப்பா” என்றாள். தமிழ் எப்போது படித்தாய் என்றேன். பிரேம்நாத் ஒரு வருஷமாகத் தமிழில்தான் மெசேஜ் அனுப்புகிறாராம். நீங்கள் பார்த்துத் தந்த வரனாம்! ஆகவே ஒரு தடவைதான் என்று மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். அம்மாளின் காதில் கோளாறு இல்லை, இரண்டும் நான் போட்ட சத்தம்தான் என்று சொல்லிவிடுங்கள். அந்த ஓட்டலில் ஒரு தடவை கூப்பிட்டால் எவன் வருகிறான்?