டோல்கேட் துரைக்குச் சுங்கம்

தண்டையார்பேட்டை டோல்கேட்டில் டோலும் கிடையாது, கேட்டும் கிடையாது. பேர் மட்டும்தான் மிச்சம். அந்தப் பேரையே முதலாகப் போட்டுக் கடை திறந்த மகராசன் ஒருவர் உண்டு. சுங்கச் சித்தர் ரகுபதி சாமிகள்.

காலையில் போய்ப் பார்த்தால் சாலையோரம் புத்தம்புது லோடு ஆட்டோக்கள் வரிசை கட்டி நிற்கும். எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே வியாதி. காசிமேட்டில் மீனும் ஐஸும் ஏற்றிக்கொண்டு ஜோராகக் கிளம்பும். டோல்கேட் பக்கம் வந்ததும் இரண்டு இருமல் இருமிவிட்டுப் படுத்துக்கொள்ளும். தள்ளினாலும் நகராது, திட்டினாலும் நகராது.

இதற்குச் சாமி கண்டுபிடித்த காரணம் பிரமாதமானது. வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே சுங்கம் வசூலித்த ஒரு துரை, செத்தும் வேலையை விடவில்லையாம். சுங்கம் கட்டாத புது வண்டியை மறிக்கிறானாம். அப்படியானால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளை ஏன் விட்டுவிடுகிறான் என்று யாரும் கேட்கவில்லை. நடுரோட்டில் வண்டி நின்று, பின்னால் பத்துப் பேர் ஆரன் அடிக்கும்போது யாருக்குத்தான் கேள்வி தோன்றும்?

சாமியின் பூசை சுருக்கமானது. வண்டியைச் சுற்றி எலுமிச்சம்பழம். துரைக்குத் தமிழ் தெரியாது என்பதால் நடுநடுவே "கோ, கோ, ப்ளீஸ் கோ" என்று இங்கிலீஷில் மந்திரம். கூட்டத்துக்குப் பக்தி முற்றுவது அந்த இடத்தில்தான். கடைசியாக டீசல் டேங்க் மூடியைத் திருகித் திறப்பார். 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும்.

"கேட்டியா நைனா? துரை எறங்கிப் போறான்."

மூடியை இறுக்காமல் போட்டுச் சாவியைத் திருகினால் வண்டி ஓடும். கண்ணால் பார்த்த பிறகு நம்பாமல் இருக்க முடியுமா? அருள்பிரகாசம் நம்பினான்.

வண்டி எடுத்த அன்றே எல்லா டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியவன் அவன். ஷோரூமுக்கும் ஓட்டிப் போய்ப் பார்த்தான். சூப்பர்வைசர் ஒரே ஒரு தெருவைச் சுற்றிவிட்டு வந்து, "வண்டி தங்கம். எடத்துலதான் கோளாறு. டோல்கேட்ல ஒரு சாமி கீறாரு, போய்ப் பாருங்க" என்றான். வாரன்டி கொடுத்தது கம்பெனி, சர்வீஸ் செய்வது சாமி. நல்ல ஏற்பாடு.

அருள்பிரகாசத்தின் பிழைப்பே எண்ணூரில் ஒரு கேன்டீனுக்குத் தினமும் மீன் இறக்குவதுதான். அதை எடுத்து நடத்தும் அப்துல் வஹாப் முந்தாநாள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "இன்னொரு தபா லேட்டா வந்தா வேற வண்டி பாத்துக்கறேன் மாமு. ஆயிரம் பேர் தட்ட வெச்சிகினு நிக்கறான். மீன் கொழம்பு ஊத்தவா, உன் பேஜார ஊத்தவா?"

பயந்துபோய்ச் சாமியிடம் ஓடினான். சாமி கண்ணை மூடித் திறந்தார்.

"துரை உன் வண்டிய ஒரேயடியா புட்ச்சிகினான். ஆயுள் சுங்கம் கட்டிடு. மந்திரிச்ச மூடி ஒண்ணு தரேன். அத்த மாட்டிக்கினா அப்பால உன் பக்கமே வரமாட்டான்."

அதற்குச் சாமி கேட்ட தட்சிணை, மனைவி சுஜாவின் கம்மல் அடகுக்கடைக்குப் போனால்தான் தேறும். சுஜா வாசலில் போண்டாக் கடை போடுகிறவள். சட்டியில் போண்டாவைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்.

"கம்மல் தரேன்யா. ஆனா கம்மல் போற எடத்த நான் பாக்கணும். நாளைக்கு நானும் வண்டில வரேன்."

மறுநாள் வழக்கம்போல டோல்கேட்டில் வண்டி படுத்தது. வழக்கம்போல எலுமிச்சம்பழம், "ப்ளீஸ் கோ", மூடி, 'புஸ்'. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அருள்பிரகாசமும் போட்டுக்கொண்டான். சுஜா மட்டும் சும்மா நின்றாள்.

"சாமி, துரை வெளிய போறாரா, உள்ள வராரா?"

"இன்னாமா கேள்வி இது? வெளியதான் போறான்."

"செரி."

அடுத்ததாக நின்றது அமீருதீனின் வண்டி. சுஜா போண்டா கட்டிக் கொடுக்கும் மெல்லிய கவர் ஒன்றை இடுப்பிலிருந்து எடுத்தாள்.

"சாமி, மூடிய மெதுவா தொறங்க. நான் இத்த டேங்கு வாயாண்ட காட்றேன். துரை வெளிய போனா கவரு பறக்கணும் இல்ல?"

சாமி கவரைத் தள்ளிவிட்டார். "துரைக்கு பிளாஸ்டிக் ஆகாது" என்று சொல்லிப் பார்த்தார்.

"தடை பண்ணதுக்கு முன்னாடி செத்தவருதான சாமி, அவருக்கு எப்டித் தெரியும்?" என்றார் அமீருதீன். கூட்டம் முதல் தடவையாகச் சிரித்தது. சாமி அசையாததால் அமீருதீன் தானே மூடியைத் திருகினார். 'புஸ்.' கவர் பறக்கவில்லை. சரக்கென்று டேங்க் வாயில் ஒட்டிக்கொண்டு உள்பக்கம் குழிந்தது.

"துரை உள்ள போறாரு" என்றாள் சுஜா. "வெறும் காத்துயா. எண்ணெ டின்னுல ஒரே ஓட்ட போட்டு கவுத்துப் பாரு, கொஞ்சம் ஊத்திட்டு நின்னுடும். இன்னொரு ஓட்ட போட்டு காத்து உள்ள போனாத்தான் எண்ணெ வரும். இந்த மூடில காத்து போற வயியே இல்ல. காசிமேட்டுல கெளம்பி டோல்கேட் வர்றதுக்குள்ள டீசல் எறங்க மாட்டேங்குது. தொறந்தா எறங்குது."

எலுமிச்சம்பழமும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. அமீருதீன் சாவியைத் திருகினார், வண்டி பிடித்துக்கொண்டது. அருள்பிரகாசத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை நாள் எலுமிச்சம்பழம் வாங்கிய நேரத்தில் ஒருமுறை அந்த மூடியை அவனே திறந்து பார்த்திருக்கலாம்.

சுஜா விடவில்லை. சாமியின் பையிலிருந்து மந்திரித்த மூடி ஒன்றை எடுத்து, அப்பியிருந்த மஞ்சளை நகத்தால் சுரண்டினாள். நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. ஓரத்தில் இங்கிலீஷில் பொடி எழுத்து. அமீருதீன் வாங்கிப் படித்தார்.

"பழுதான மூடிக்குப் பதில் இலவசம், விற்பனைக்கு அல்லன்னு கீது மாமு. கம்பெனி பேரும் கீது."

"அது துரை எழுதனது" என்றார் சாமி, ஈனஸ்வரத்தில். யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் சாமி உட்கார்ந்துவிட்டார். ஷோரூம் சூப்பர்வைசர் தன் மச்சான் என்றும், ஓசியில் கொடுக்கச் சொல்லிக் கம்பெனி அனுப்பிய மூடிகளைத்தான் இருவரும் மஞ்சள் தடவி விற்றார்கள் என்றும் ஒப்புக்கொண்டார்.

பை காலியானது. ஆளுக்கு ஒரு மூடி மாட்டிக்கொண்டு மச்சானைப் பார்க்க ஷோரூமுக்குப் புறப்பட்டார்கள். அருள்பிரகாசம் மட்டும் சுஜாவை ஏற்றிக்கொண்டு எண்ணூருக்கு விரட்டினான். வண்டி எங்கும் இருமவில்லை. அப்துல் வஹாப் மீனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஐஸே கரையல. நாளைக்கும் வா" என்றார்.

திரும்பி வரும்போது டோல்கேட் வந்தது. அருள்பிரகாசம் வேகத்தைக் குறைத்தான். அவன் கை தன்பாட்டுக்கு டேஷ்போர்டில் கிடந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து ஜன்னல் பக்கம் போனது.

"இன்னாயா பண்ற?"

"இல்ல சுஜா... எதுக்கும் ஒண்ணு போட்டு வைக்கலாம்னுதான்."

சுஜா பழத்தைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

"இத்த வூட்ல ஜூஸ் போட்டுக்கலாம். வண்டி மூடிக்கு ஓட்ட போட்டாச்சு, இனி உன் மண்டைக்கு ஒண்ணு போடணும். காத்து உள்ள போனாத்தான்யா எதுவும் ஓடும்."