பாதி ஃபீஸில் ஒரு பட்டதாரி

ஆங்கிலம் தெரியாதது பெரிய அவமானமில்லை. தெரியும் என்று சொல்லிக்கொண்டு ஒரு ட்யூஷன் சென்டரில் போய் நின்றதுதான் அவமானம். நான் நின்றேன்.

டிகிரி முடித்து எட்டு மாதமாகக் கிள்ளானில் வீட்டு சோபாவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எங்கிருந்தும் வேலைக்குக் கூப்பிடவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு சென்டர் மட்டும் டெமோ கிளாஸுக்கு அழைத்தது. பாடம், பார்ட்டிசிபியல் ஃபிரேஸ். ‘Ravi opened the gate. He saw a snake’ என்று இரண்டாக இருப்பதை ‘Opening the gate, Ravi saw a snake’ என்று ஒன்றாக்க வேண்டும். பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த இருபது விடைகளையும் மனப்பாடம் செய்தேன். (பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சை எஸ்.பி.எம்.மில் ஏ வாங்கியதும் இப்படித்தான். எவன் கேட்டான்?)

அப்பா அரை நாள் லீவு போட்டுக் காரில் கொண்டுவந்து விட்டார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டார். உள்ளே கடைசி வரிசையில் சென்டர் முதலாளியம்மா.

முதல் ஆறு வாக்கியங்கள் பறந்தன. ஏழாவதற்குப் பதினைந்து வயது ஃபார்ம் த்ரீ பெண் ஒருத்தி சொன்ன விடை என் மனப்பாடத்தில் இல்லை. அதில் இல்லாதது தப்பு. என் மொத்தக் கல்வியும் அதுதான்.

“தப்பு,” என்றேன்.

“சார், இப்படியும் எழுதலாம்னு போன வருஷம் ஸ்கூல் டீச்சர் சொன்னாங்க.”

“உங்க டீச்சருக்கு என்ன தெரியும் லா? அந்தக் காலத்து ஆளா இருப்பாங்க.”

மொத்த வகுப்பும் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தது.

“அந்த டீச்சர் நான்தான் தம்பி,” என்றார் முதலாளியம்மா. “இப்பத்தான் ரிட்டையர் ஆனேன். சரி, ஏன் தப்புன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க.”

கடைசிப் பக்கத்தில் அதற்கு விடை இல்லை.

“சிலபஸ்ல இல்ல, மேடம்.”

“சார் புக்கு பின்னாடி பாத்துட்டு வந்திருக்காரு லா,” என்றான் ஜன்னலோரத்தில் ஒருவன். “நாங்களும் அதத்தான் பாக்குறோம்.”

முதலாளியம்மா வெள்ளைப் பலகையை அவரே அழித்தார். “வேலை கொடுக்க முடியாது தம்பி. வேணும்னா சனிக்கிழமை கிளாஸ்ல வந்து உக்காருங்க. பாதி ஃபீஸ் போதும்.”

குத்தல்தான். அப்பாவுக்குக் கோபம் வரும், என்னை இழுத்துக்கொண்டு போய்விடுவார் என்று நம்பினேன். அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

“சேர்றதுக்கு ஃபாரம் இருக்கா டீச்சர்?” என்று சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

மூன்று மாதம் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். என் தாளை அவள்தான் திருத்தினாள். (இரக்கமே கிடையாது.) இப்போது ஷா ஆலத்தில் ஒரு கிடங்கில் பெட்டி எண்ணுகிறேன்.

போன தீபாவளிக்கு வந்த ஆன்டி ஒருவர், “தம்பி என்ன படிச்சிருக்கு?” என்று கேட்டார்.

“டிகிரி முடிச்சுட்டு ஃபார்ம் த்ரீ,” என்றாள் தங்கச்சி.

வீடே சிரித்தது, வழக்கம்போல அப்பாதான் முதலில். அந்த ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டது யார் என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.