நான்கு எலுமிச்சம்பழமும் ஒரு மஞ்சள் டிராக்டரும்

புல் வெட்டுவதற்கென்றே செய்த எந்திரத்தை, ஒரு புல் நுனிகூட மேலே படாமல் பொத்திப் பொத்தி வளர்த்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் டெக்சாஸில், கேட்டி என்ற ஊரில், என் எதிர்வீட்டில் இருந்தார். பாஸ்போர்ட்டில் ஏதாவது நல்ல பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் கார்புரேட்டர் அண்ணாச்சி.

தொண்ணூறுகளின் நடுவில் கேட்டியில் நெல் வயல்களை மூடி வரிசை வரிசையாக வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். விவசாயத்தை விட்டுப் போனவர்களின் கொட்டகைகளில் பழைய கார்டன் டிராக்டர்கள் துருப்பிடித்துக் கிடந்தன. வயலில் உழுகிற டிராக்டரைத் துவைத்துக் காயப்போட்டதில் சுருங்கிப்போனது போல இருக்கும். நம்மவர் உட்கார்ந்தால் முட்டி காதைத் தொடும். அப்படி மூன்றை இழுத்து வந்து கராஜில் வைத்திருந்தார் அண்ணாச்சி. ஹூஸ்டனில் எண்ணெய்க் கம்பெனி வேலை முடிந்து, ஃப்ரீவேயில் ஒரு மணி நேரம் ஊர்ந்து வந்து, கழுத்து டையைக்கூட அவிழ்க்காமல் நேரே கராஜுக்குள் போய்விடுவார்.

“அண்ணாச்சி, மூணு டிராக்டர் இருக்கு. ஒண்ணுலயாவது உங்க வீட்டுப் புல்லை வெட்டக்கூடாதா?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“பிளேடு தேஞ்சிரும் வே!” என்றார், பெற்ற பிள்ளையைக் கூலி வேலைக்கு அனுப்பச் சொன்னது போல.

புல் முழங்காலைத் தொட்டது. புல்லை வெட்டச் சொல்லிக் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. அவர் மனைவி கடிதத்தைப் படித்துவிட்டு, தெருவைத் தாண்டி என்னைப் பார்த்தார். நான் மதினி என்று கூப்பிடுகிறவர். வாய்விட்டுக் கேட்கவும் இல்லை. கடைசியில், மூன்று டிராக்டர் இருந்த வீட்டுப் புல்லைச் சனிக்கிழமைதோறும் தள்ளுவண்டி மெஷினால் வெட்டியவன் நான்.

அண்ணாச்சிக்கு ஒரே சிநேகிதர், ஒரே எதிரி, இரண்டும் ஹாங்க். பக்கத்துத் தெருவில் இருந்த ரிட்டயர்ட் வெல்டர். ஹாங்க் பச்சைக் கட்சி, அண்ணாச்சி மஞ்சள் கட்சி. டிராக்டர் பெயிண்டை வைத்துத்தான் கட்சி. பச்சை வண்டி பெல்ட்டில் ஓடும், மஞ்சள் வண்டி ஷாஃப்ட்டில் ஓடும். இதைப் பற்றி அவர்கள் பேசிய பேச்சுக்கு இரண்டு தேர்தலை நடத்தி முடித்திருக்கலாம்.

“பெல்ட்டுல ஓடுனா அது தையல் மெஷினு வே. ஷாஃப்ட்டுல ஓடுறதுதான் டிராக்டரு” என்பார் அண்ணாச்சி. எஞ்சின் சத்தத்தை ஒப்பிட வேண்டுமானால் ஹாங்குக்கு ஃபோன் போட்டு, ரிசீவரைப் புகைக்குழாய் பக்கத்தில் பிடிப்பார். ஹாங்க் பதிலுக்குத் தன் வண்டியை ஸ்டார்ட் பண்ணுவார். இரண்டு எஞ்சின்களும் ஃபோனில் அரை மணி பேசிக்கொள்ளும். மதினியின் தங்கை ஊரிலிருந்து கூப்பிட்டால் லைன் எங்கேஜ்டாகவே இருக்கும்.

துருவை எடுக்க அமெரிக்காக்காரர்கள் என்னென்னவோ கரைசல் வாங்குவார்கள். அண்ணாச்சிக்குப் புளிதான். போல்ட்டு, நட்டு, வாஷர் எல்லாம் புளித்தண்ணீரில் இரண்டு நாள் ஊறும். ஒருமுறை அவர் வீட்டில் சாப்பிட்டபோது என் ரசத்தில் ஒரு வாஷர் வந்தது. மதினி தலையில் அடித்துக்கொண்டார். அண்ணாச்சி அதைக் கழுவி வெளிச்சத்தில் பார்த்து, “இதைத்தாம் வே மூணு நாளா தேடுதேன்” என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எனக்கு வேறு ரசம் ஊற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

மதினி ஆஸ்பத்திரியில் பார்மசிஸ்ட். அவருடைய பழைய கார் மாதம் ஒருதரம் வழியில் நிற்கும். மெக்கானிக் ஒருநாள் கையை விரித்து, “மேம், இது லெமன்” என்று சொல்லிவிட்டான். வாங்கின நாளிலிருந்து உயிரை வாங்குகிற வண்டிக்கு அமெரிக்காவில் அப்படி ஒரு பெயர். “எலுமிச்சம்பழம் எங்கேடான்னு நான் சீட்டுக்கடியில தேடுதேன் தம்பி!” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். அண்ணாச்சி அப்போது டிராக்டருக்கு அடியில் இருந்தார். அவர் காதில் எதுவும் விழவில்லை.

பிறகு மதினி ஒரு புதுக் கார் வாங்கினார். கராஜில் இடம் ஏது? கார் வெளியே நின்றது. ஏப்ரலில் ஒரு மத்தியானம், எலுமிச்சங்காய் அளவில் ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. அன்றைக்கென்று ஒரு டிராக்டரும் வெளியே நின்றிருந்தது. அண்ணாச்சி ஒரே ஒரு ஜமுக்காளத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். இடது பக்கம் புதுக் கார், வலது பக்கம் டிராக்டர். ஜன்னலில் மதினி.

அண்ணாச்சி டிராக்டரைப் போர்த்தினார்.

போர்த்தியதோடு நிற்காமல் மேலே தானும் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். கார் கூரை முழுக்க டொக்கு. மதினி நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசியதற்கு அந்த நாலு நாளே தேவலை.

“மூணும் போகணும். என் கார் உள்ள நிக்கணும். இல்லைன்னா நான் கராஜுக்கு வந்திருதேன், நீங்க உங்க டிராக்டரோட வீட்டுக்குள்ள குடியிருங்க.”

இரண்டை ஹாங்கே வாங்கிக்கொண்டார். மிச்சம் இருந்தது அந்த மஞ்சள் வண்டி, போர்த்திக் காப்பாற்றியது. மூன்று வருஷமாகப் பிரித்து, புளியில் ஊறவைத்து, மறுபடி பூட்டியது. அதன் எஞ்சின் மட்டும் அதுவரை ஒரு தடவைகூட உயிர் பெறவில்லை. ஊருக்கு வெளியே நடந்த பழைய டிராக்டர் கண்காட்சியில் முதல் தடவையாக ஸ்டார்ட் பண்ணிக் காட்டி விற்றுவிடுவது என்று முடிவானது. சான் ஆன்டோனியோவிலிருந்து பெரிய தொப்பிக்காரர் ஒருவர் அதற்காகவே டிரெய்லரோடு வந்திருந்தார். விற்பதைக் கண்ணால் பார்க்க மதினியும் வந்தார்.

அண்ணாச்சி திருநீறு பூசினார், குங்குமம் வைத்தார். பிறகு சட்டைப்பையைத் தடவி, பேன்ட்டுப் பையைத் தடவி, முகம் வெளுத்துப்போய் நின்றார்.

“எலுமிச்சம்பழத்தை மறந்துட்டேன் வே.”

மதினி கைப்பையைத் திறந்து நாலு பழத்தை எடுத்து நீட்டினார். அண்ணாச்சி மண்டியிட்டு ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒன்றாக வைத்தார். தொப்பிக்காரர் குனிந்து பார்த்தார்.

“இது லெமனா?”

“எஸ் சார்! லெமன்!” என்றார் அண்ணாச்சி பெருமையாக.

“இந்த வண்டியா லெமன்?”

“ஃபோர் லெமன்ஸ் சார். ஃபுல் லெமன். எங்க ஃபேமிலியில எல்லா வண்டிக்கும் லெமன்தான். மை வைஃப் கார், ஆல்ஸோ லெமன்!”

தொப்பிக்காரர் ஹாங்கைப் பார்த்தார். ஹாங்க் அவசரமாகக் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார். பிறகு தொப்பிக்காரர் என்னைப் பார்த்தார்.

“இவர் நிஜமாகத்தான் சொல்கிறாரா?”

“அவர் பொய்யே சொல்லமாட்டார், சார்” என்றேன். அதுவும் உண்மைதானே?

தொப்பியைக் கழற்றினார். அண்ணாச்சியின் கையைப் பிடித்துக் குலுக்கி, டெக்சாஸிலேயே யோக்கியமான ஆள் நீங்கள்தான் என்று சொல்லிவிட்டு, காலி டிரெய்லரோடு போய்விட்டார்.

அண்ணாச்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாவியைத் திருப்பினார். இரண்டு தரம் இருமி, மூன்றாம் தரம் எஞ்சின் பிடித்துக்கொண்டது. மஞ்சள் வண்டி நாலு பழத்தையும் நசுக்கிக்கொண்டு நகர்ந்தது. அண்ணாச்சி அழுதார். எங்கள் எல்லோருக்கும் தெரியும்படியாகவே அழுதார்.

“சரி, ஏத்துங்க வீட்டுக்கு” என்றார் மதினி. “என் கார் பக்கத்துல ஒண்ணே ஒண்ணு நிக்கட்டும். ஆனா புல்லு வெட்டணும்.”

டிராக்டரோடு அண்ணாச்சி ஹாங்கின் பிக்கப்பில் போனார். நான் மதினியின் டொக்கு விழுந்த காரில் திரும்பினேன். ஃப்ரீவேயில் ஏறியதும் மெதுவாகக் கேட்டேன்.

“மதினி, லெமன்னா என்னன்னு உங்களுக்கு…”

“அதை உங்ககிட்ட வந்து சொன்னதே நான்தானே தம்பி?” கண் ரோட்டிலேயே இருந்தது. “ஸ்டார்ட் ஆகணும்னுதான் பழம் கொண்டாந்தேன். அந்த ஆளு கேட்டப்ப விளக்கிச் சொல்லணும்னுதான் நினைச்சேன். வாய் வரலை.”

அடுத்த சனிக்கிழமை அண்ணாச்சி தன் வீட்டுப் புல்லை வெட்டினார், நடக்கிறவனைவிட மெதுவாக. முடித்ததும் தெருவைத் தாண்டி வந்து, கேட்காமலே என் வீட்டுப் புல்லையும் வெட்டினார்.

“பாத்தீரா வே? எலுமிச்சம்பழம் வச்சா எந்தக் கண்ணும் அண்டாது. அந்தத் தொப்பிக்காரன் கண்ணு எப்படி ஓடிப்போச்சு!”

ஆமாம் என்றேன். நான் கேட்டியை விட்டு வரும்வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் யாரும் திருத்தவில்லை. இந்தப் பத்திரிகை இப்போது எப்படியும் அவர் கைக்குப் போய்விடும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சி, அந்தத் தொப்பிக்காரர் கேட்டபோது எனக்கு இங்கிலீஷ் நன்றாகவே தெரிந்திருந்தது.