காட்டேரிக்கு ஒரு வக்கீல்

உலகத்தில் காட்டேரிகள் உண்டோ இல்லையோ, காட்டேரிகளின் வக்கீல்கள் உண்டு. அந்த இனத்தில் ஒன்றை எழுபதுகளின் கடைசியில், மெயின்லாந்துக்குக் கப்பல் ஏறித்தான் போகவேண்டிய எங்கள் தீவின் ஷாதிபூரில் பார்த்தேன். பெயர் சிவஞானம். அரசாங்க ஹெட்கிளார்க்.

கப்பல் வயர்லெஸ்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வாங்கிய விளையாட்டு ஒன்றை இவரிடம் விட்டுப் போயிருந்தார். கட்டம் கிடையாது. ஒருவர் கதை சொல்லி, அதில் வரும் பேய் பிசாசுகளையும் நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ வைத்தியச்சியாகவோ மாறி அவற்றோடு மோதுவார்கள். அடி விழுந்ததா என்று பகடை சொல்லும். கதை சொல்பவர் யார் பக்கமும் சாயக்கூடாது. கதை சொன்ன சிவஞானமும் சாயவில்லை, இரத்தக்காட்டேரி வரும்வரை.

வந்த பிறகு அவர் பேச்சைக் கேட்க வேண்டுமே! சாதாரணக் கத்தி அதன்மேல் இறங்காது, மந்திரித்த ஆயுதம் வேண்டும். இறங்கினாலும் சுற்றுக்குச் சுற்று காயம் ஆறிக்கொண்டே வரும். கண்ணைப் பார்த்தால் வசியம். கண்ணாடியில் உருவம் விழாது. தொட்டால் நாம் பாடுபட்டு ஏறிய படிகளில் இரண்டு போய்விடும். எல்லாப் படியும் போனால் செத்து, அதற்கே அடிமைக் காட்டேரியாக எழ வேண்டும். ஏதோ சொந்த மாப்பிள்ளையின் சம்பளத்தைச் சொல்வதுபோல் சொல்வார். பூண்டைக் காட்டினால் பின்வாங்குமே என்றால், "எந்தப் பூண்டு? மெயின்லாந்துல விளைஞ்சதா, இங்கே விளைஞ்சதா?" என்பார்.

டைப்பிஸ்ட் சுசீலா மழைக்காலம் முழுக்க ஒரு வைத்தியச்சியை வளர்த்திருந்தாள். அவளுக்கு வடக்கே ரங்கத் என்ற ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. அந்த ஞாயிறுதான் கடைசி ஆட்டம். காட்டேரி தொட்டது. மறுபடி தொட்டது. இன்னொரு முறை தொட்டால் வைத்தியச்சி சிவஞானத்தின் அடிமை.

"ஊரைவிட்டுப் போறவளை இப்படியா சார் அனுப்புவீங்க?"

"ரூல்னா ரூல்தாம்மா."

சுசீலா மந்திரித்த கோலால் அடித்தாள். பகடை உச்ச எண்ணைக் காட்டியது. காட்டேரியின் உயிர்ப்புள்ளி தீர்ந்தது.

சிவஞானம் சிரித்தார். "செத்துச்சுன்னு நினைச்சியா? புகையாயிடும். விடியறதுக்குள்ள சொந்த மண்ணு போட்ட பெட்டியில போய்ப் படுத்தா, எழுந்துடும். பெட்டி இருக்கிற இடம் உங்க யாருக்கும் அகப்படாது. மெயின்லாந்துல வெச்சிருக்கேன்!"

வேறெங்கே வைப்பார்? நிலப் பத்திரம், நகை, மகளுக்குப் பார்த்த வரன் என்று முக்கியமான எதையும் இந்தத் தீவை நம்பி வைக்காத மனிதர்.

"விடியறதுக்குள்ள மெயின்லாந்தா?" என்றாள் சுசீலா. "ஜஹாஸ் எப்போ சார்?"

"அரே பாய், டிக்கெட் க்யூவுலயே விடிஞ்சிருமே!" என்றார் ஜவுளிக்கடை அய்யூப்.

"புகைக்கு எதுக்குய்யா கப்பல்? பறக்கும்."

"புகை ஆள் நடக்கிற வேகத்துலதான் போகும்னு போன வாரம் நீங்கதானே சார் சொன்னீங்க?"

சிவஞானம் பகடையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கடைசியில், "அது சாகலைம்மா," என்றார். "டிரான்ஸ்ஃபர்ல இருக்கு."

"நானும்தான் சார். என் வைத்தியச்சி உயிரோட ரங்கத் வர்றா." பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

கடல்மேல் விடிவது விடியலாகாது என்று சிவஞானம் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார். நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நடுவில் எங்காவது, 'காற்று வாகாக அடித்தால் புகை வேகமாகப் போகுமே' என்று உங்கள் உதடு அசைந்ததா? அசைந்திருந்தால் எழுந்து போய் ஒருமுறை கண்ணாடியைப் பாருங்கள்.

யாராவது தெரிகிறார்களா?