திலகவதி ஆமை தேர்ந்தெடுத்த விளக்கு

ஒரு காட்டில், மின்சாரம் வந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த ஒரு காட்டில், திலகவதி என்னும் ஆமை வாழ்ந்து வந்தது. எதையும் நிதானமாகச் செய்யும் ஆமை அது. ஒரு பொருளை வாங்கினால், உடன் வரும் கையேட்டைக் கடைசி வரி வரை படித்த பிறகே அதைத் தொடும்.

அதன் வீட்டில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. தொட்டிக்குள் குமுதா என்னும் சின்னஞ்சிறு கெண்டை. போன கோடையில் குட்டை வற்றியபோது, சேற்றில் துடித்த குமுதாவைச் சிரட்டைத் தண்ணீரில் விட்டு, முதுகில் ஏற்றி, ஒரு சொட்டும் சிந்தாமல் இரண்டு நாள் நடந்து காப்பாற்றியது திலகவதிதான்.

ஒருநாள் மீன் நலத்துறையிலிருந்து கடிதம் வந்தது. முப்பதாம் நாள் தொட்டி ஆய்வு செய்யப்படும் என்றும், ஆய்வாளர் தவமணி நேரில் வருவார் என்றும் அதில் கண்டிருந்தது.

தவமணி ஒரு கொக்கு.

கடிதத்தோடு ஒரு படிவமும் இருந்தது. அதில் இரண்டு கட்டங்கள். ஒன்று, ஆய்வுக்கு முன் மீன்களின் எண்ணிக்கை. மற்றொன்று, ஆய்வுக்குப் பின் மீன்களின் எண்ணிக்கை. இரண்டு கட்டங்களிலும் ஒரே எண் எழுதப்பட்டதாக அந்தத் துறையின் வரலாற்றிலேயே பதிவு இல்லை.

"அக்கா, என்னை ஒரு கல்லுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிடேன்," என்றது குமுதா.

"படிவத்தின் பின்புறம் விதி பதினான்கைப் படித்தாயா? கல், சட்டி, பொம்மைக் கோட்டை எதுவும் கூடாது. மறைவிடமாக உயிருள்ள செடிக்கு மட்டுமே அனுமதி."

தொட்டியில் நாடாவைப் போல் நீளும் நீர்ச்செடிகள் நான்கு இருந்தன. ஆனால் ஆமையின் வீடு இருண்ட பொந்து. வெளிச்சம் போதாமல் அவை விரல் உயரத்திலேயே மஞ்சளித்து நின்றன. அவை தழைத்தால் குமுதா பிழைக்கும். தழைக்க வேண்டுமானால் சரியான விளக்கு வேண்டும்.

மூன்று நாள் நடந்து, 'பரஞ்சோதி மின்விளக்கு நிலைய'த்தை அடைந்தது திலகவதி. கடைக்காரர் பரஞ்சோதி ஓர் ஆந்தை. கறுப்புக் கண்ணாடி அணிந்து கல்லாவில் வீற்றிருந்தார்.

"வாங்கம்மா. எத்தனை வாட் போடட்டும்?"

"வாட் என்பது விளக்கு எவ்வளவு மின்சாரம் தின்னும் என்ற கணக்கு. செடிக்கு எவ்வளவு கிடைக்கும் என்று சொல்லுங்கள்."

ஆந்தை ஒருமுறை கழுத்தை முழுக்கத் திருப்பி யோசித்தது. "இந்த மாடலைப் பாருங்க. ரிமோட் இருக்கு. பாட்டுக்குத் தகுந்த மாதிரி மினுக்கும். முயல் வீட்டு மீன்தொட்டிக்கு இதுதான் போச்சு."

"என் செடிகளுக்குப் பாட்டில் நாட்டமில்லை. பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை வேண்டும். ஆறாயிரத்து ஐந்நூறு கெல்வின். தொட்டி ஒன்றரை அடி ஆழம், அடிவரை ஒளி இறங்க வேண்டும். ஆனால் அளவு மீறினால் செடியை முந்திக்கொண்டு பாசி வளர்ந்துவிடும். எங்கே, ஒன்றை எரிய விட்டுக் காட்டுங்கள்."

"ஐயையோ, எனக்குக் கண் கூசும்மா! கடை வெச்சு மூணு வருஷம் ஆச்சு, இதுவரைக்கும் ஒண்ணைக்கூடப் போட்டுப் பார்த்ததில்லை."

திலகவதி இருபத்தாறு பெட்டிகளின் பின்புறத்தையும் படித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. மிகச் சரியான விளக்கு. வீடு திரும்பி, அதை மிகச் சரியான உயரத்தில் தொங்கவிட்டு, நாளுக்கு எட்டு மணி நேரம் எரியவிட்டது.

செடிகள் பச்சை பிடித்தன. வாரத்துக்கு இரண்டு விரற்கடை வளரவும் செய்தன.

"அக்கா, என் வால் மறைந்துவிட்டது," என்றது குமுதா இருபத்தோராம் நாள். "ஆனால் கொக்கு என்னைத் தலைப்பக்கமிருந்துதானே பிடிக்கும்?"

திலகவதியின் கவலை வேறாக இருந்தது. சுவரேறி விளக்கை அணைக்க அதற்கு அரைமணி நேரம் பிடித்தது. ஆகவே செடிகளுக்கு எட்டு மணிக்குப் பதில் எட்டரை மணி நேரம் வெளிச்சம் கிடைத்துக்கொண்டிருந்தது. கண்ணாடியின் மூலையில் பாசி ஒரு புள்ளி வைத்திருந்தது. ஆமைக்கு அது பொறுக்கவில்லை.

"நேரத்துக்குத் தானே அணைக்கும் டைமர் ஒன்று வாங்க வேண்டும். ஒரு எட்டு போய் வந்துவிடுகிறேன். விளக்கு எரியட்டும், வந்து அணைத்துக்கொள்ளலாம்."

எத்தனையோ கையேடுகளைப் படித்திருந்த திலகவதி, தன் நடையின் வேகத்தை மட்டும் எதிலும் படித்ததில்லை. போக மூன்று நாள். கடை வரிசையில் இரண்டு நாள். வர மூன்று நாள். முப்பதாம் நாள் காலையில் அது வாசலை மிதித்தபோது, விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

தொட்டியைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு பச்சைப் பெட்டி இருந்தது. கண்ணாடி நெடுகப் பாசி. உள்ளே கீரைக் கடைசல் போன்ற தண்ணீர்.

"குமுதா!" என்று அலறியது ஆமை.

"இங்கேதான் அக்கா. எங்கே என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை."

"ஆய்வு!" என்று வாசலில் குரல் கேட்டது. தவமணி வந்துவிட்டார். "கையெழுத்தை முதலில் போட்டுவிடுங்கள் அம்மா. இரண்டாவது கட்டத்தை நான் நிரப்பிக்கொள்கிறேன்."

கொக்கு வலக்கண்ணால் பார்த்தது. பச்சை. இடக்கண்ணால் பார்த்தது. அதே பச்சை.

"மீன் இருக்கிறதா?"

பொய் சொல்லத் தெரியாத திலகவதி, "இருக்கிறது. ஆனால் எங்கே என்று மீனுக்கே தெரியாது," என்றது.

தவமணி பொறுமையிழந்து அலகை உள்ளே விட்டுத் துழாவினார். வெளியே எடுத்தபோது நனைந்த கம்பளி நூல்போல் பாசி கழுத்து வரை சுற்றியிருந்தது. மார்பில் சொட்டுச் சொட்டாகப் பச்சை இறங்கியது.

"அடப்பாவமே! இந்த வெள்ளையை நம்பித்தான் எனக்கு வேலையே கொடுத்திருக்கிறார்கள்!"

மீனைக் காணவில்லை என்று எழுதினால், பத்தொன்பது பக்க விளக்கப் படிவத்தை மூன்று நகல்களில் நிரப்ப வேண்டும். தவமணி அவசரமாக எழுதினார். முன்: ஒன்று. பின்: ஒன்று. எழுதிவிட்டு, மார்பைத் துடைத்தபடியே முயல் வீட்டுக்குப் பறந்தார்.

முயல் வீட்டுத் தொட்டி பளிங்குபோல் இருந்தது. மினுக்கும் விளக்கில் மீன்களின் ஒவ்வொரு செதிலையும் எண்ணலாம். முன்: ஐந்து. அன்று மாலை, சிறந்த ஒளியமைப்புக்கான சான்றிதழும், தாராளமாக இடமுள்ள ஒரு தொட்டியும் முயலுக்கு மிஞ்சின.

செய்தி கேட்ட திலகவதி, கண்ணாடியைச் சுரண்டுவதற்காகத் தூக்கிய நகத்தைக் கீழே இறக்கியது. புது டைமரின் பெட்டியைப் பிரித்தது. கையேட்டைக் கடைசி வரி வரை படித்தது. பிறகு, மிகுந்த கவனத்துடன், அதை நாளுக்கு இருபத்துநான்கு மணி நேரம் என்று அமைத்தது.

நீதி: மீன்தொட்டிக்கு விளக்கு வாங்கும் முன், தொட்டியைப் பார்வையிட வருகிறவர் யாரென்று விசாரித்துக்கொள்க. கொக்கு என்றால், எந்த விளக்கும் சரியான விளக்கே. அணைக்காமல் இருந்தால் போதும்.